வாயைச் சுற்றித் தோன்றும் செம்பருக்கள்

நம் பங்குக் குடும்பங்களில் இளம் பெண்கள் சிலருக்கு வாயைச் சுற்றிலும் மூக்கின் இரு மருங்கிலும் சின்னஞ்சிறு செம்பருக்கள் தோன்றுகின்றன. உதட்டை ஒட்டிய மெல்லிய ஓரம் மட்டும் பெரும்பாலும் தெளிவாயிருக்கும். இதுவே இந்நோயின் அடையாளம். எரிச்சலும் உண்டு. சிறுவர்க்கும் வருவதுண்டு. ஆயினும் இது தொற்றுநோயன்று. எனவே எவரையும் ஒதுக்கி வைத்தல் ஆகாது.

இதற்குப் பெருங்காரணம் முகத்தில் பூசும் ஸ்டீராய்டு களிம்பே. நிறம் வெளுக்கவும் படை நீங்கவும் அண்டை வீட்டார் சொற்கேட்டு அதனைப் பூசுகிறோம். பூசினால் தணிகிறது, விட்டால் சிவக்கிறது, மீண்டும் பூசுகிறோம். தணிப்பதுபோல் தோன்றும் களிம்பே நோயை வளர்க்கிறது. இத்தகைய களிம்புகள் பலவற்றை மருத்துவர் சீட்டின்றி விற்கலாகாதென 2018-இல் நடுவண் அரசு விதித்ததும் இத்தீங்குகளை முன்னிட்டே.

என் செய்வது? களிம்பையும் முகப்பூச்சுகளையும் விடுத்து, வெதுவெதுப்பான நீரால் மட்டும் முகம் கழுவுவோம். களிம்பை நிறுத்தியதும் பருக்கள் முன்னிலும் மிகக்கூடும். அஞ்சி மீண்டும் அதனை நாடலாகாது. நெடுநாள் பூசியவர்கள் மருத்துவர் சொற்படி படிப்படியாகக் குறைப்பது நன்று. அவர் மெட்ரோனிடசோல் களிம்போ டாக்சிசைக்ளின் மாத்திரையோ தரக்கூடும். அம்மாத்திரை கருவுற்ற தாய்மார்க்கும் 8 வயதுக்குட்பட்ட குழந்தைகட்கும் ஏற்றதன்று.

முற்றும் குணமாகச் சில வாரங்களோ மாதங்களோ ஆகலாம். அதுவரை, கண்ணாடிமுன் கலங்கி நிற்கும் மகளிடம் "இன்னுமா போகவில்லை?" என்று கேளாதிருப்பதும் நாம் ஆற்றக்கூடிய அன்புப் பணியே.