காடும் தோப்பும் ஒன்றாமோ?

அடி அண்ணாமலையில், கிரிவலப் பாதையின் ஓரத்தே, செம்பருத்திப் பூவில் வளைந்த அலகினை நுழைத்துத் தேனுண்ட சிறு பறவையொன்றை நம்முடன் வந்த மாணவரொருவர் சுட்டிக்காட்டி, "அதோ, ஹம்மிங் பறவை!" என்று வியந்தார். அஃது அப்பறவையன்று, நம் நாட்டுத் தேன்சிட்டேயாகும். ஹம்மிங் பறவைகள் அமெரிக்கப் பகுதிகளிலன்றிப் பிறவிடங்களில் வாழ்வதில்லை. உணவு ஒத்தமையால் அலகும் ஒத்தது, குலம் வேறு. இம்மயக்கத்தால் எவர்க்கும் கேடில்லை; நகைத்து மேற்சென்றோம்.

ஆயினும், ஒன்றைப் பிறிதொன்றாகக் கொள்ளும் மயக்கம் கேடு விளைக்கும் இடமும் உண்டு. சிலி நாட்டு ராபின்சன் குரூசோ தீவில் மட்டும் எஞ்சியுள்ள ஹம்மிங் பறவையினம் ஒன்று, அயற்செடிகள் அதன் காட்டை நெருக்குதலால் அழிவின் விளிம்பில் நிற்கின்றது. அதனைப் போன்றே சிற்றிடத்தில் ஒடுங்கி வாழும் பறவை நம்மிடத்தும் உண்டு. அதுவே நீலகிரிச் சோலைக்கிளி. பெயரிற் கிளியாயினும் அது கிளியினத்ததன்று. சோலையின் நிழலில், ஈரச் சருகினிடையே பூச்சிகளைத் தேடியுண்ணும் சிறு பறவை. நீலகிரியையும் அதனையடுத்த சில மலைகளையும் அன்றி அதற்கு வேறு உலகமில்லை. பாலக்காட்டுக் கணவாய்க்குத் தெற்கே, பழனி, ஆனைமலைகளில் வாழ்வது வேறோர் இனம். தாழ்ந்த அக்கணவாய் இவ்விரண்டற்கும் கடல்போல் இடைநிற்கின்றது. 2017ஆம் ஆண்டில் அறிஞர் இவற்றுக்கெனத் தனிப் பேரினம் வகுத்து, 'ஷோலிகோலா' எனப் பெயரிட்டனர். 'சோலை' என்னும் நம் சொல் உலக அறிவியலில் ஏறியும், பறவையை நம்மிற் பலர் அறியோம்!

அச்சோலைகள் பல தேயிலைக்காக வெட்டப்பட்டன. அவற்றைச் சூழ்ந்த புல்வெளிகளில் ஆஸ்திரேலிய நாட்டுத் தைலமரமும் சீகைமரமும் நடப்பட்டன. சேய்மையினின்று நோக்குவார்க்கு அனைத்தும் பசுமையே. "காடு பெருகிற்று" என்பர். ஆனால் ஓரினம் மரத்தை வரிசையாக நட்டதனால் தோப்பு உண்டாகுமேயன்றிச் சோலை உண்டாகாது. தேன்சிட்டு எந்தத் தோட்டத்திலும் பிழைத்துக்கொள்ளும். சோலைக்கிளிக்கு அவ்வாற்றல் இல்லை.

அண்ணாமலைச் சரிவுகளிலும் அண்மைக் காலமாக மரக்கன்றுகள் நடப்பெற்று வருகின்றன. மகிழ்ச்சியே. ஆயினும் மரம் நடுதல் மட்டும் அறமாகாது. இந்நிலத்திற்கு உரிய மரம் யாது, இங்கு முன்னர் வாழ்ந்த உயிர்கள் எவை என வினவி நடுதலே அறம். நம் கல்லூரி மாணவர் விடுமுறையில் ஊர் சென்றால், ஆங்குள்ள பறவை பத்தினையேனும் பெயரறிந்து மீள்வாராக. வேற்றுமை அறிந்தவனே காக்க வல்லவன்.