சாக்கில் கட்டினால் தீருமா பூனைத் தொல்லை?

பூனை குறுக்கே போனால் சகுனம் சரியில்லை என்று வீட்டுக்குத் திரும்பி, ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டுப் புறப்படுகிறவர்கள் நம்மிடையே இன்றும் உண்டு. அதே வீட்டில் எலி புகுந்துவிட்டால், "ஒரு பூனை இருந்தால் தேவலை" என்று சொல்பவர்களும் அவர்களேதாம். எலி ஒழிந்ததும் பூனை வேண்டாத விருந்தாளி ஆகிவிடுகிறது. மடியில் பூனையைக் கட்டிக்கொண்டு சகுனம் பார்த்த கதைதான்!

பிம்ப்ரி, ஆக்குர்டி தொழிற்சாலைகளை நம்பி வந்த தமிழ்க் குடும்பங்கள் பல நிக்டியில் நிலைகொண்டுவிட்டன. 1972ல் ஏற்பட்ட நவநகர் வளர்ச்சி ஆணையம் மனை பிரித்துக் கொடுத்த பிராதிகரண் பகுதியிலும் இன்று அடுக்குமாடிகள் பெருகிவிட்டன. மனிதர் பெருகிய இடத்தில் குப்பை பெருகும். குப்பை இருக்கும் இடத்தில் எலியும், எலி இருக்கும் இடத்தில் பூனையும் வந்து சேரும். வண்டி நிறுத்துமிடத்தில் குட்டி போடுகிறது; சமையலறை ஜன்னல் வழியாக நுழைந்து பால் பாத்திரத்தை உருட்டுகிறது; சோபாவைக் கிழிக்கிறது; மெத்தையை நாசம் செய்கிறது. குடியிருப்புச் சங்கக் கூட்டங்களில் தண்ணீர் லாரிக்கு அடுத்தபடியாக வாக்குவாதம் முற்றுவது இந்த விஷயத்தில்தான் என்றால் மிகையாகாது.

இதற்குப் பலரும் கையாளும் வைத்தியம், பூனையைச் சாக்கில் கட்டி எங்கேனும் மார்க்கெட் பக்கம் விட்டுவிடுவது. இது பழைய வழக்கம். ஆனால் பயனற்ற வழக்கம். பூனைக்கு இடம் நினைவிருக்கும். தூரம் குறைவானால் திரும்பி வந்துவிடும். அது வராவிட்டாலும் காலியான இடத்துக்கு வேறொரு பூனை வரும். இரையும் ஒதுங்கிடமும் அப்படியே இருக்கும்போது வராமல் என்ன செய்யும்? கொண்டுபோய் விட்டது தாய்ப்பூனையாக இருந்தால், படிக்கட்டின் அடியில் கண் திறவாத குட்டிகள் பட்டினியால் சாகும். அந்தப் பாவத்துக்கு யார் பொறுப்பு?

இது பாவம் மட்டுமன்று, குற்றமும் ஆகலாம். பசி தாகத்தால் வாடும்படி பிராணியைத் தக்க காரணமின்றிக் கைவிடுவதை 1960ஆம் ஆண்டின் பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டம் தடை செய்கிறது. கொன்றாலோ ஊனப்படுத்தினாலோ, 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதையின் 325ஆவது பிரிவின்படி ஐந்தாண்டு வரை சிறைத் தண்டனை விதிக்க இடமுண்டு. மாநிலங்களவையில் ருக்மிணி தேவி அருண்டேல் கொண்டுவந்த தனிநபர் மசோதாதான் 1960ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு வித்திட்டது என்பதும், 1962ல் சென்னையில் அமைந்த பிராணிகள் நல வாரியத்தின் முதல் தலைவர் அவரே என்பதும் தமிழர்கள் மறக்கத் தகாதவை.

அப்படியானால் வருகிற பூனையையெல்லாம் வீட்டுக்குள் சேர்த்துக்கொள்வதா? அதுவும் தவறு. 2025 பிப்ரவரியில் புனே ஹடப்சரில் ஓர் அடுக்குமாடி வீட்டில் 300க்கு மேற்பட்ட பூனைகள் இருந்தது வெளிச்சத்துக்கு வந்தது. துர்நாற்றமும் கூச்சலும் தாங்காமல் அண்டை வீட்டார் புகார் செய்ய, மாநகராட்சி நோட்டீஸ் அனுப்பியது. இரக்கம் அளவு மீறினால் மனிதருக்கும் துன்பம், பூனைக்கும் துன்பம்.

நடு வழி ஒன்றுதான்: கருத்தடை அறுவை சிகிச்சை. பெண் பூனை ஆறு மாதத்துக்குள்ளாகவே சினைப்படக் கூடும். சினைக் காலம் ஏறத்தாழ இரண்டு மாதமே. ஒரே ஆண்டில் பல ஈற்றுக் குட்டிகள் போட்டுவிடும். ஆண் பூனை சுவரெங்கும் சிறுநீர் பீச்சி எல்லை வகுப்பதும், இரவெல்லாம் சண்டையிட்டு அலறுவதும் சிகிச்சைக்குப் பின் பெரும்பாலும் அடங்கிவிடும். சிகிச்சை முடிந்த பூனையை அதே இடத்தில் விட்டால், அது புதிய பூனைகளை எளிதில் அண்டவிடாது.

வீட்டோடு தங்கிவிட்ட பூனை நாற்காலியைக் கீறுவது விஷமத்தால் அல்ல. நகத்தின் பழைய உறையைக் கழற்றவும், உடம்பை நீட்டி முறிக்கவும், தன் மணத்தைப் பதிக்கவும் அது கீறியே ஆக வேண்டும். ஒரு கட்டையில் தேங்காய் நார்க் கயிற்றை இறுக்கிச் சுற்றி, அது கீறும் இடத்துக்குப் பக்கத்திலேயே ஆடாமல் நிறுத்தினால் போதும். கட்டை, பூனை எழுந்து நின்று கைநீட்டும் உயரம் இருக்க வேண்டும். அடித்தால் பழக்கம் மாறாது. ஆளில்லாத நேரம் பார்த்துக் கீறும், அவ்வளவுதான். மண் தட்டை நாள்தோறும் சுத்தம் செய்யாவிட்டால் மெத்தைதான் அதற்குக் கழிப்பிடம். தட்டு சுத்தமாக இருந்தும் கண்ட இடத்தில் சிறுநீர் கழித்தால் நோயாக இருக்கலாம். கால்நடை மருத்துவரிடம் காட்டுவதே முறை.

பூனையை விரட்ட மூலையில் அந்துருண்டை போடுவதும் ஃபீனைல் தெளிப்பதும் ஆபத்து. இவை பூனையின் உடலில் நஞ்சாகிவிடும். காய்ச்சல் என்று நாம் விழுங்கும் பாரசிட்டமால் மாத்திரை ஒன்றே அதைக் கொல்லப் போதும். வாஞ்சையோடு வைக்கும் பால்கூட வளர்ந்த பூனைகள் பலவற்றுக்குச் செரிக்காமல் வயிற்றுப்போக்கைத் தரும், தண்ணீரே நல்லது. பூனை கடித்தாலோ கீறினாலோ, குழந்தைதானே, சின்னக் கீறல்தானே என்று மஞ்சள் தடவி விட்டுவிடாமல், சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் ஓடும் நீரில் கழுவி உடனே மருத்துவரிடம் போக வேண்டும். வெறிநோய் நாய்க்கு மட்டும் உரியதன்று.

செலவை யார் ஏற்பது, பூனைக்கு யார் மணி கட்டுவது என்ற கேள்வி எழும். ஒரு குடும்பம் தனியே சுமக்க வேண்டியதில்லை. சங்கத்தில் எல்லா வீட்டாரும் சிறு தொகை போட்டால், அந்த வளாகத்துப் பூனைகளுக்குச் சிகிச்சையும் தடுப்பூசியும் போட்டுவிட முடியும். குப்பைத் தொட்டிக்கு மூடியும், உணவிடுவதற்கு ஒரு நேரமும் ஒரு மூலையும் வகுத்துவிட்டால் பாதிச் சச்சரவு ஓய்ந்துவிடும். மும்பை மாநகராட்சி 2019ல் பூனைகளுக்கும் கருத்தடைத் திட்டத்தைத் தொடங்கியது. பிம்ப்ரி-சிஞ்ச்வட் மாநகராட்சியும் இதில் முழு முனைப்புக் காட்ட வேண்டும் என்று சங்கங்கள் எழுத்து மூலம் கேட்க வேண்டும். தமிழ்க் குடும்பங்கள் ஒதுங்கி நிற்காமல் மராத்தி அண்டை வீட்டாரோடு சேர்ந்து கையெழுத்திட்டால் மனுவுக்கு வலு கூடும்.

சாக்கில் கட்டிய பூனை இன்னொருவர் வாசலில்தான் அவிழ்க்கப்படுகிறது. ஆயுதம் எடுக்காமல், பகை வளர்க்காமல் தீர்க்கக்கூடிய தொல்லை இது. நிக்டி மக்கள் மனம் வைத்தால் ஓரிரு ஆண்டுகளில் தீர்த்துக் காட்டலாம்.