விளக்கு எரிகிறது, எண் என்ன?

ஆலையில் தறி ஓட்டுபவருக்கும் வயலில் நாற்று நடுபவருக்கும் கார் இஞ்சினைப் பற்றி என்ன பேச்சு என்று தோழர்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். நம் வாசகர்களில் அநேகருக்குக் கார் கிடையாது. ஆனால் கடன் வாங்கி டாக்சி ஓட்டும் மகனும், பட்டறையில் ஸ்பானர் பிடிக்கும் தம்பியும் நம் வீடுகளில்தான் இருக்கிறார்கள். தவணை இன்னும் முடியாத வண்டியில் ஒரு நாள் இஞ்சின் படம் போட்ட மஞ்சள் விளக்கு எரிகிறது. பட்டறையில் கருவியைச் செருகி, ஓர் எண்ணைப் பார்த்து, "இந்தச் சாமான் போய்விட்டது, பல ஆயிரம் ஆகும்" என்கிறார்கள். டிரைவர் என்ன செய்வார்? கம்ப்யூட்டரே சொல்லிவிட்டதென்று தலையாட்டிவிட்டு வட்டிக்கு வாங்கப் போகிறார்.

கம்ப்யூட்டர் அப்படிச் சொல்லவே இல்லை. இதைத்தான் நாம் இங்கே சொல்ல வந்தோம்.

பாவு இழை அறுந்தால் தறி தானாக நின்றுவிடுவதை நெசவுப் பகுதித் தோழர்கள் தினமும் பார்க்கிறார்கள். இழை அறுந்ததென்று தறிக்குத் தெரியும். கஞ்சி சரியில்லாமல் அறுந்ததா, காற்றில் ஈரம் குறைந்து அறுந்ததா, நூலே மட்டமா? அது தறிக்குத் தெரியாது. அதைக் கண்டுபிடிக்கத் தொழிலாளி வேண்டும். காரின் எண்ணும் இதே கதைதான்.

எண்ணின் அமைப்பு ஒன்றும் பிரம்ம ரகசியமல்ல. முதலில் ஓர் ஆங்கில எழுத்து, பிறகு நான்கு இலக்கங்கள். பெட்ரோலுக்கு முதல் எழுத்தான 'பி' வந்தால் இஞ்சினையும் கியரையும் சேர்ந்த கோளாறு. அடுத்த இலக்கம் 0 என்றால் எல்லாக் கம்பெனிக்கும் பொதுவான எண். 1 என்றால் அந்தக் கம்பெனி தனக்கென்று வைத்துக்கொண்டது. அதற்கடுத்தது 1 அல்லது 2 ஆனால் எரிபொருளும் காற்றும், 3 ஆனால் நெருப்புப் பொறி, 4 ஆனால் புகைக் கட்டுப்பாடு. கடைசி இரண்டும் குறிப்பான இடத்தைக் காட்டும். பி 0301 என்றால் முதல் சிலிண்டர் சரியாக எரியவில்லை என்று பொருள். பிளக்கா, காயிலா, இன்ஜெக்டரா, கம்ப்ரஷன் குறைவா என்பது அதில் இல்லை. சிலிண்டருக்கு ஒரு காயில் உள்ள வண்டியானால், கைதேர்ந்த மெக்கானிக் முதல் சிலிண்டரின் காயிலைக் கழற்றி இரண்டாவதில் போட்டு ஓட்டிப் பார்ப்பார். எண் 0302 ஆக மாறினால் காயில்தான் குற்றவாளி. மாறாவிட்டால் வேறிடத்தில் தேட வேண்டும். இதற்குச் செலவு கால் மணி நேரம்.

விளக்கு நிலையாக எரியாமல் மின்னி மின்னி எரிந்தால் மட்டும் அலட்சியம் கூடாது. எரியாத பெட்ரோல் புகைக்குழாய்க்குப் போய், அங்குள்ள வினையூக்கியைச் சுட்டுப் பாழாக்கிவிடும். அதற்குள் இருப்பது பிளாட்டினம், பல்லாடியம், ரோடியம். விலையைக் கேட்டால் மயக்கம் வரும். வேகத்தைக் குறைத்து ஓரம் கட்டுவதே நல்லது.

மிக அதிகமாக ஏமாற்று நடக்கும் எண்களில் ஒன்று பி 0171. காற்றுக்கு ஏற்ற பெட்ரோல் இல்லை, கலவை மெலிந்துவிட்டது என்பது இதன் பொருள். புகைக்குழாயிலுள்ள ஆக்ஸிஜன் சென்சார்தான் இதைக் கண்டு செய்தி அனுப்புகிறது. உடனே சென்சாரை மாற்றுகிறார்கள்! திருடனைப் பார்த்து விசில் ஊதிய காவல்காரனைச் சீட்டுக் கிழித்து அனுப்புவது போல. ஒரு ரப்பர் ஹோஸ் வெடித்துக் காற்று உள்ளே புகுந்திருக்கலாம், காற்றை அளக்கும் சென்சாரில் அழுக்கேறி இருக்கலாம், பெட்ரோல் பம்பு சோர்ந்திருக்கலாம். புதுச் சென்சார் பழைய சென்சார் சொன்னதையே சொல்லும். சென்சாரும் சில வேளை கெடும், இல்லையென்று நாம் சொல்லவில்லை. சோதித்துப் பார்த்து மாற்றட்டும் என்கிறோம்.

இந்தப் பொது எண்கள் கம்பெனிகள் மனமுவந்து கொடுத்த தானமல்ல. கலிபோர்னியாவில் புகைமூட்டம் ஜனங்களின் மூச்சை அடைத்தது. வண்டி தன் புகைக் கோளாறைத் தானே காட்ட வேண்டுமென்று அந்த மாகாணம் 1988 மாடல் முதல் விதித்தது. அப்போதும் ஆளுக்கொரு பிளக், ஆளுக்கொரு எண். 1996 மாடல் முதல் அமெரிக்கா முழுவதும் ஒரே பதினாறு முனை பிளக்கும் ஒரே எண் வரிசையும் கட்டாயமாயின. இந்தியாவிலும் பின்னர் இது சட்டமாயிற்று.

ஆயினும் கம்பெனிகள் தமக்கென்று வைத்த எண்களும், அவற்றைப் படிக்கும் கருவியும், பழுது பார்க்கும் புத்தகமும் பூட்டிய பெட்டிக்குள் இருந்தன. 2012 நவம்பரில் மாஸசூசெட்ஸ் மாகாண மக்கள் ஓட்டுப் போட்டு அந்தப் பெட்டியைத் திறக்கச் சொன்னார்கள். நம் நாட்டில் 2014 ஆகஸ்டில் போட்டி ஆணையம், உதிரிப் பாகங்களையும் சோதனைக் கருவிகளையும் வெளிப் பட்டறைகளுக்குக் கிடைக்காமல் செய்ததற்காக 14 கார் கம்பெனிகளுக்கு ரூ.2,544.65 கோடி அபராதம் விதித்தது. கம்பெனிகள் சும்மா இருக்குமா? மேல்முறையீடு என்று கிளம்பின. தெருவோரப் பட்டறையில் பத்து வருஷம் தொழில் கற்றவன் கைக்கு எண்ணின் பொருள் எட்டாவிட்டால், அவன் தொழிலும் போகும், நம் டிரைவருக்கு வேறு போக்கிடமும் இராது. அந்தப் பூட்டின் சாவி யார் கையில் என்பது உழைப்பவன் பிழைப்புப் பிரச்னை.

பொது எண்களைப் படிக்க இன்று சில நூறு ரூபாய்க்குச் சிறு கருவி கிடைக்கிறது. செல்போனில் எண் தெரியும். டாக்சி நிற்குமிடத்தில் பத்துப் பேர் சேர்ந்து ஒன்று வாங்கி வைத்தால் போதும். அதே கருவியால் எண்ணை அழித்து விளக்கை அணைத்துவிடவும் முடியும். அதற்கும் காசு வாங்குகிற ஆசாமிகள் இருக்கிறார்கள். விளக்கு அணையும், கோளாறு அங்கேயே இருக்கும், வண்டி கொஞ்சம் ஓடியதும் மறுபடி எரியும். அழிக்கும்போது, கோளாறு நேர்ந்த கணத்தில் இஞ்சின் எவ்வளவு சுற்றியது, எவ்வளவு சூடு என்று பதிவாகியிருந்த குறிப்பும் சேர்ந்து போய்விடும். நல்ல மெக்கானிக்குக்கு அதுதான் துப்பு. ஆகவே வண்டியை விடுமுன் எண்ணையும் அந்தக் குறிப்பையும் காகிதத்தில் எழுதி வாங்கிப் பையில் வைத்துக்கொள்ளுங்கள்; எந்தச் சோதனை செய்து எந்தச் சாமானை மாற்றினார்கள் என்பதை பில்லில் எழுதச் சொல்லுங்கள்.