கையில் பட்டம் இருக்கு... களத்தில் கை ஓடுமா? அமெரிக்க அத்லெடிக் டிரெய்னர் படிப்பில் எழும் கேள்வி

2023 ஜனவரி 2. சின்சினாட்டியில் அமெரிக்கக் கால்பந்து ஆட்டம். எதிரணி வீரரை மடக்கிவிட்டு எழுந்து நின்ற பஃபலோ பில்ஸ் வீரர் டமார் ஹாம்லின், அப்படியே பின்னால் சாய்ந்தார். இதயம் நின்றுவிட்டது. ஓடிவந்து சிபிஆர் கொடுத்தவர் அணியின் உதவி அத்லெடிக் டிரெய்னர் டென்னி கெல்லிங்டன். 24 வயது ஹாம்லின் பிழைத்தார். அதே ஆண்டு மீண்டும் விளையாடவும் வந்தார்.

இந்த மாதிரி நிமிடத்துக்கு ஒருவரைத் தயார் செய்வது எப்படி? படித்து முடித்தவர்களிடம் 'களப் பயிற்சி திருப்தியா இருந்துச்சா?' என்று கேட்பதற்குக் காரணம் இதுதான்.

யார் இந்த அத்லெடிக் டிரெய்னர்?

டிரெய்னர் என்றதும் ஜிம் மாஸ்டர் ஞாபகம் வரும். இவர் அவர் இல்லை. காயம் வராமல் தடுப்பது, வந்தால் முதல் சிகிச்சை, பிறகு மறுவாழ்வுப் பயிற்சி என எல்லாமே இவர் வேலை. அமெரிக்க மருத்துவச் சங்கம் 1990-லேயே இதைச் சுகாதாரத் தொழிலாக அங்கீகரித்தது. பள்ளி, கல்லூரி, தொழில்முறை அணி என எல்லா இடத்திலும் இவர்கள் உண்டு.

படிப்பு எப்படி மாறியது?

ஒரு காலத்தில் சீனியர் ஒருவரிடம் 1,500 மணி நேரம் பயிற்சி எடுத்துவிட்டுத் தேர்வு எழுதலாம். அந்த வழி 2004-ல் மூடப்பட்டது. தொழிலுக்குள் வர முதுநிலைப் பட்டம் வேண்டும் என்று 2015-ல் முடிவானது. 2020 விதிகள் இன்னொன்றையும் சேர்த்தன: குறைந்தது 4 வாரம், இடைவெளி இல்லாமல், முழுநேரமும் களத்தில் இருக்க வேண்டும். காலையில் வகுப்பு, மாலையில் மைதானம் என்று ஓடினால், காயம்பட்டவர் நாளுக்கு நாள் எப்படித் தேறுகிறார் என்பது மாணவர் கண்ணில் படாது.

திருப்தி எங்கே இடிக்கிறது?

பெரும்பாலும் 'பிரிசெப்டர்' விஷயத்தில்தான். களத்தில் மாணவருக்கு வழிகாட்டும் அனுபவசாலி இவர். ஆனால், இவரும் அங்கே வேலை பார்ப்பவர். வீரர்களைக் கவனித்தது போக மிச்ச நேரத்தில்தான் சொல்லித்தர முடியும்.

அவர் எல்லாவற்றையும் தானே செய்தால், மாணவர் தண்ணி பாட்டில் நிரப்பிவிட்டு வேடிக்கை பார்ப்பார். கணக்கில் மணி ஏறும், கையில் தொழில் ஏறாது. மாணவரைத் தனியே விட்டுவிட்டாலும் தப்பு, ஆபத்து வீரருக்கு. முதலில் பார்க்க வைத்து, அப்புறம் கூட இருந்து செய்ய வைத்து, கடைசியில் 'நீயே முடிவு சொல்லு' என்று ஓரடி தள்ளி நிற்கும் பிரிசெப்டர் கிடைப்பதுதான் அதிர்ஷ்டம். அதை அதிர்ஷ்டத்துக்கு விடாமல் பார்த்துக்கொள்வது கல்லூரியின் பொறுப்பு.

திருப்தி மட்டும் போதுமா?

போதாது. 2018 மே மாதம், மேரிலாந்து பல்கலைக்கழகக் கால்பந்து வீரர் ஜோர்டன் மெக்நேர் பயிற்சியின்போது வெப்ப பாதிப்பால் சுருண்டார். அவர் உடல் வெப்பநிலை அளக்கப்படவில்லை. குளிர்நீரில் அமிழ்த்தவும் இல்லை. ஜூன் 13-ல் இறந்தார். வயது 19. 'முதலில் குளிர்வி, பிறகு ஆம்புலன்ஸில் ஏற்று' என்பது இந்தத் துறையின் பாலபாடம். அந்தப் பாடம் களத்தில் நடக்கவில்லை. நடந்த தவறுகளுக்குப் பல்கலைக்கழகம் பொறுப்பேற்றது.

இங்கேதான் சிக்கல். கணுக்கால் சுளுக்கைத் தினமும் பார்க்கலாம்; வெப்ப பக்கவாதத்தையோ மாரடைப்பையோ ஒருமுறைகூடப் பார்க்காமல் ஒரு மாணவர் படிப்பை முடித்துவிடலாம். பிரிசெப்டர் அன்பானவர் என்றால் 'சூப்பர் பயிற்சி' என்று மார்க் போட்டுவிட்டும் போகலாம். பார்க்காதது எது என்பது அவருக்கே அப்போது தெரியாது.

எதை அளக்க வேண்டும்?

உரிமத் தேர்வில் முதல் முயற்சியிலேயே தேறுபவர்கள், 3 ஆண்டு சராசரியில் 70 சதவீதமாவது இருக்க வேண்டும் என்பது அங்கீகார விதி. அது புத்தக அறிவுக்குச் சரி. களத்துக்கு? பட்டம் வாங்கிய வாரத்தில் கேட்பதைவிட, ஒரு வருஷம் தனியாக வேலை பார்த்தபின் கேட்டால் பதில் நேர்மையாக இருக்கும். 'பிடிச்சிருந்துச்சா?' என்பதோடு, 'எதை நீங்களே செஞ்சீங்க? எது வந்தப்போ திணறினீங்க?' என்றும் கேட்க வேண்டும். அபூர்வமான அவசரங்களைப் பொம்மை நோயாளியை வைத்தாவது திரும்பத் திரும்பச் செய்ய வைக்க வேண்டும். அடுத்த வீரர் சாயும்போது, பக்கத்தில் நிற்பவர் நேற்று பட்டம் வாங்கியவராகக்கூட இருக்கலாம்.