கேட்டு வாங்கும் காபிக்கு ஏன் விலக்கு?

உணவுப் பொருள்களின் உறைமீதும் உணவகங்களின் விலைப்பட்டியலிலும் என்னென்ன விவரங்கள் இடம்பெற வேண்டும் என்பதை வரையறுத்து, இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் 2020ஆம் ஆண்டில் விதிமுறைகளை வெளியிட்டது. மத்திய உரிமம் பெற்ற உணவகங்களும், பத்து இடங்களுக்குக் குறையாமல் கிளை வைத்திருப்பவையும், விற்கும் ஒவ்வொரு பண்டத்துக்கும் எதிரே அதன் கலோரி அளவையும், அதில் ஒவ்வாமை உண்டாக்கும் பொருள் ஏதேனும் இருந்தால் அதையும் குறிப்பிட்டாக வேண்டும் என்பது அவற்றுள் ஒன்று. 2022 ஜூலையில் அது நடைமுறைக்கு வந்தபோது, நகரங்களில் கிளை பரப்பியிருக்கும் காபிக் கடைத் தொடர்கள் அதன் வரம்புக்குள் வந்தன. நல்ல விதிதான். ஆனால் அதன் விலக்குப் பட்டியலில், வாடிக்கையாளர் கேட்டுக்கொண்டபடி மாற்றிச் செய்து தரும் பண்டங்களுக்கு இந்தக் கட்டாயம் இல்லை என்றும் ஒரு வரி இருக்கிறது. பசும்பாலுக்குப் பதிலாகச் சோயாப் பால் ஊற்றச் சொல்பவரும், மேலே ஊற்றும் கேரமல் பாகு வேண்டாம் என்பவரும் பல வேளைகளில் தம் உடல் ஏற்காத ஒன்றைத் தவிர்க்க முயல்பவர்களே. தகவல் யாருக்கு மிகவும் தேவையோ, அவர் கேட்டு வாங்கும் கோப்பைக்கே விலக்கு அளிக்கப்பட்டிருக்கிறது. இந்த விலக்கு நீக்கப்பட வேண்டும். உள்ளிருப்பதைச் சொல்லும் கடமை கடையின் கிளைகளை எண்ணிப் பார்த்துப் பிறப்பதாகவும் இருக்கக் கூடாது.

இதில் இரண்டு வெவ்வேறு உடல்நிலைகள் ஒன்றாகக் குழப்பப்படுகின்றன. முதலாவது ஏற்பின்மை, அதாவது ஒரு பொருளைச் செரிக்கும் ஆற்றல் உடலில் குறைந்திருப்பது. பாலின் இயற்கைச் சர்க்கரையான லாக்டோஸ், சிறுகுடலில் உள்ள லாக்டேஸ் என்னும் நொதியால் குளுக்கோஸ், காலக்டோஸ் என்ற இரண்டு எளிய சர்க்கரைகளாகப் பிரிக்கப்பட்ட பின்னரே உடலில் சேரும். தாய்ப்பால் மறந்த பிறகு உலக மக்களில் பெரும்பாலோருக்கு இந்த நொதி குறைந்துகொண்டே போகிறது. செரிக்காத லாக்டோஸ் பெருங்குடலை அடைந்து அங்குள்ள நுண்ணுயிரிகளால் நொதிக்கும்போது வயிற்று உப்புசமும் இரைச்சலும் பேதியும் உண்டாகின்றன. 1981இல் வெளிவந்த ஓர் இந்திய ஆய்வு, பரிசோதிக்கப்பட்ட தென்னிந்தியர்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினருக்கும், வட இந்தியர்களில் கால் பங்குக்குச் சற்று அதிகமானோருக்கும் லாக்டோஸ் ஏற்பின்மை இருப்பதைக் கண்டது. பாலைச் செரிக்க உதவும் மரபணு மாற்றம் இந்தியாவின் வடமேற்கில் மிகுந்தும் தென்கிழக்கு நோக்கி வரவரக் குறைந்தும் காணப்படுவதைப் பின்னர் வந்த மரபணு ஆய்வுகளும் காட்டின. ஆகவே தமிழ்நாட்டில் இதை வெளிநாட்டிலிருந்து இறக்குமதியான நாகரிக நோய் என்று சொல்வது உண்மைக்குப் புறம்பானது.

அந்தக் காலத்தில் யாருக்கு இந்தத் தொல்லை இருந்தது என்று கேட்பவர்கள் டம்ளரின் அளவை நினைத்துப் பார்க்கலாம். 100 மில்லிலிட்டர் பசும்பாலில் 5 கிராமுக்குச் சற்றுக் குறைவான லாக்டோஸ் உண்டு. ஏற்பின்மை உள்ளவர்களிலும் பெரும்பாலோர் ஒரே வேளையில் 12 கிராம் வரை அதிகத் துன்பமின்றித் தாங்குகிறார்கள் என்பது ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2010இல் அளித்த கருத்து. டிகாஷனோடு 100 மில்லிலிட்டர் பால் சேர்ந்த டபரா காபி அந்த எல்லைக்குப் பாதி தூரம்கூடப் போவதில்லை. 300 மில்லிலிட்டர் பால் கொள்ளும் பெரிய கோப்பை லாட்டே அதைத் தாண்டிவிடுகிறது. வீட்டில் இரண்டு வேளை காபி குடித்துப் பழகியவர் காபிக் கடையில் ஒரே கோப்பையில் அவதிப்படுவதற்குக் கற்பனையோ பாசாங்கோ காரணமாக இருக்க வேண்டியதில்லை. விலைப்பட்டியலில் பாலின் அளவு எழுதியிருந்தால் அவரே சிறிய கோப்பையைத் தேர்ந்துகொள்வார்.

இரண்டாவது நிலையான ஒவ்வாமை முற்றிலும் வேறானது. பாலில் உள்ள கேசின் முதலிய புரதங்களைப் பகையாகக் கருதி உடலின் நோய் எதிர்ப்பு அமைப்பே கிளர்ந்தெழுவதால், சிலருக்குத் துளி அளவே மூச்சுக்குழாயை இறுக்கி, இரத்த அழுத்தத்தை வீழ்த்தி, உயிரைப் பறிக்கக்கூடும். 2023 பிப்ரவரியில் கிழக்கு லண்டனின் பார்க்கிங் பகுதியில், பால் ஒவ்வாமை உள்ள 13 வயதுச் சிறுமி ஒருத்தி, பெயர்பெற்ற காபிக் கடைத் தொடர் ஒன்றின் கிளையில் தாய் சோயாப் பாலில் கேட்டு வாங்கித் தந்த சூடான சாக்லேட் பானத்தைச் சிறிது அருந்திய சில மணி நேரத்தில் இறந்தாள். ஒவ்வாமை பற்றி வாடிக்கையாளரிடம் பேசுவதற்கு வகுக்கப்பட்டிருந்த நடைமுறை பின்பற்றப்படவில்லை என்பதும், தாய்க்கும் ஊழியருக்கும் இடையே தகவல் சரியாகப் போய்ச் சேரவில்லை என்பதும்தான் மூலக் காரணங்கள் என்று 2024 ஆகஸ்டில் முடிந்த மரண விசாரணை கூறியது. அவசரத்துக்குப் போட வேண்டிய அட்ரினலின் ஊசி உடன் எடுத்துவரப்படவில்லை என்பதையும் அந்த விசாரணை மறைக்கவில்லை. நடைமுறை வகுத்திருந்த பெரிய நிறுவனத்திலேயே இது நேர்ந்தது என்றால், நடைமுறையே இல்லாத கடைகளின் நிலையை ஊகித்துக்கொள்ளலாம்.

பிரிட்டனின் அனுபவம் வேறொரு வகையிலும் கவனிக்கத்தக்கது. எள் ஒவ்வாமையால் 2016இல் இறந்த ஒரு பெண்ணின் பெயரால் நடாஷா சட்டம் என்று வழங்கும் விதி, கடையிலேயே முன்கூட்டிப் பொட்டலமிட்டு விற்கும் உணவுகளின்மீது உட்பொருள் முழுவதையும் அச்சிட வேண்டும் என்று 2021 அக்டோபரில் கட்டாயமாக்கியது. கண்ணெதிரே ஊற்றித் தரும் பானம் அதற்குள் வரவில்லை. இந்திய விதியில் உள்ள ஓட்டை ஏறக்குறைய அதே இடத்தில்தான் இருக்கிறது. அந்நாட்டின் உணவுத் தர முகமை, எழுத்து வடிவத் தகவலும் ஊழியருடனான உரையாடலும் சேர்ந்தே இருப்பது நல்லது என்று 2025 மார்ச்சில் வழிகாட்டுதல் வெளியிட்டது. வழிகாட்டுதலுக்குக் கட்டாயம் இல்லை. எனினும் திசை சரியானது.

‘பால் ஒத்துக்காது’ என்று மேடையருகே நின்று சொல்பவர் இவ்விருவரில் எவராகவும் இருக்கலாம் என்பதே நடைமுறைச் சிக்கல். லாக்டேஸ் நொதியைச் சேர்த்து லாக்டோஸை முன்பே பிரித்துவிட்ட லாக்டோஸ் நீக்கிய பால் முதலாமவருக்கு ஏற்றது. இரண்டாமவருக்கு அது ஆபத்து, ஏனெனில் புரதம் முழுவதும் அதில் அப்படியே இருக்கிறது. பால் சாராதது என்ற விளம்பரத்தோடு விற்கப்படும் வெண்பொடிகள் பலவற்றில் பாலிலிருந்தே எடுக்கப்படும் சோடியம் கேசினேட் கலந்திருக்கிறது. பொத்தானை அழுத்தினால் காபி தரும் இயந்திரங்களில் போடும் கலவைப் பொடிகளிலும், சாக்லேட், கேரமல் பாகுகளிலும் பால் பொடி இருப்பது சாதாரணம். ஹார்லிக்ஸ், பூஸ்ட் போன்ற பானங்களில் பார்லி மால்ட்டும் கோதுமையும் சேர்வதால், குளூட்டன் என்னும் தானியப் புரதம் சிறுகுடலைச் சிதைக்கும் சீலியாக் நோயாளிகளுக்கு அவை ஆகாதவை. 2016இல் வெளியான கணக்கெடுப்பின்படி இந்நோய் வட இந்தியாவில் ஏறத்தாழ நூற்றுக்கு ஒருவருக்கும் தென்னிந்தியாவில் ஆயிரத்துக்கு ஒருவருக்கும் இருப்பதால், இங்கே அதைக் கேள்விப்பட்ட கடைக்காரர்கள் அரிது. பாதாம் பால் என்று தேநீர்க் கடைப் பலகையில் எழுதியிருப்பது பாதாம் விழுது சேர்த்த பசும்பால். புதுவகைக் காபிக் கடையில் அதே பெயரில் வருவது பசும்பால் துளியும் இல்லாத பருப்புச் சாறு. சிக்கரியையும் சொல்ல வேண்டும்: காபித் தூளில் 49 விழுக்காடு வரை அதைக் கலக்க இந்திய விதி அனுமதிக்கிறது, அந்தக் கிழங்கில் உள்ள இன்யூலின் என்னும் நார்ப்பொருள், குடல் எரிச்சல் நோய்க்குறி உள்ள சிலருக்குத் தொல்லை தரும். பொட்டலத்தில் சிக்கரி விகிதம் அச்சிடப்பட்டிருக்கிறது, டம்ளரில் வரும்போது அந்த விவரம் காணாமல் போகிறது.

மாற்றிச் செய்யும் பானத்துக்கு முன்கூட்டியே பலகை எழுத முடியாது என்பதுதான் விலக்குக்கு ஆதரவான வாதமாக இருக்க முடியும். அது உண்மையே. ஆனால் பானம் எத்தனை வகையாக மாறினாலும் அதில் சேரும் பால், பொடி, பாகு ஆகியவற்றின் எண்ணிக்கை ஒரு கடையில் இருபதையோ முப்பதையோ தாண்டுவது அரிது. அவற்றின் உறைமீது அச்சிட்டிருப்பதை ஒரே தாளில் தொகுத்து மேடைமீது வைத்துவிட்டால், எந்தக் கலவைக்கும் விடை அதிலிருந்தே கிடைத்துவிடும். சிறு கடைகளால் தாங்க முடியாத சுமை என்ற அடுத்த வாதமும் இந்த இடத்தில் வலுவிழக்கிறது. கலோரி கணக்கிடுவதற்கு ஆய்வுக்கூடமோ வல்லுநரோ தேவை, அதைச் சிறு கடையிடம் கேட்பது நியாயமல்ல. ஒரு தாள் எழுதுவதற்குத் தேவையானது அரை மணி நேரம். உரிமம் பெற்ற காபிக் கடை எதுவாயினும் இதைச் செய்ய வேண்டும் என்று விதி திருத்தப்படலாம். சாலையோரத் தேநீர் வண்டிகளை இதற்குள் இழுக்க வேண்டியதில்லை. அங்கே பாலும் பொடியும் வாடிக்கையாளரின் கண்முன்னேயே இருக்கின்றன, வரக்காப்பியும் சுக்குக் காப்பியும் பால் இல்லாமலே பல காலமாகக் கிடைக்கின்றன.

தாளோடு பேச்சும் வேண்டும். ஒருவர் பாலை மாற்றச் சொல்லும்போது, ஒவ்வாமையா, செரிக்காதா என்று ஊழியர் ஒரு கேள்வி கேட்பதும், விடையைக் கோப்பைமீது குறிப்பதும், கொடுக்கும்போது அதைத் திரும்பச் சொல்வதும் வழக்கமாக வேண்டும். உணவகங்களின் மேற்பார்வையாளர்களுக்கு ஆணையம் ஏற்கெனவே பயிற்சி நடத்துகிறது. அதில் இதற்கென ஒரு மணி நேரம் ஒதுக்குவது பெரிய காரியமல்ல. ஒரே நீராவிக் குழாயில் எல்லாப் பாலையும் நுரைக்கும் கடை, ஏற்பின்மை உள்ளவருக்குத் தயங்காமல் பானம் தரலாம். ஒவ்வாமை உள்ளவரிடம், இங்கே பாதுகாப்பாகச் செய்து தர இயலாது என்று மறுப்பதே அந்தக் கடைக்கு அழகு. இதற்கு நேர்மாறானது, எங்கள் பண்டங்கள் அனைத்திலும் எல்லா ஒவ்வாமைப் பொருள்களும் இருக்கக்கூடும் என்று ஒரு பலகையை மாட்டிப் பொறுப்பைக் கழற்றிவிடும் வழக்கம். அது எச்சரிக்கை ஆகாது, தப்பித்தல். திருத்தப்படும் விதி அதை ஏற்கவும் கூடாது.

இவர்கள் தேவையில்லாமல் அலட்டிக்கொள்கிறார்கள் என்ற முணுமுணுப்பு கடைக்காரர்களிடையே உண்டு. விருப்பத்துக்காகப் பால் மாற்றிக் கேட்பவர்களும் இருக்கிறார்கள் என்பது மெய்தான். ஆனால் சர்க்கரை வேண்டாம், அரைச் சர்க்கரை போதும் என்று கேட்பவர்களையும் ஒரு காலத்தில் இப்படித்தான் பார்த்திருப்பார்கள். நாட்டில் 10 கோடிக்கு மேற்பட்டோருக்கு நீரிழிவு இருப்பதாக 2023இல் வெளியான ஆய்வு கூறும் இந்நாளில், எந்தக் கடை மாஸ்டரும் அதற்குக் காரணம் கேட்பதில்லை.

விலையைப் பற்றிய கேள்வி எஞ்சுகிறது. தாவரப் பாலுக்குக் கூடுதல் கட்டணம் வசூலிப்பது உடல்நிலையைக் காட்டிப் பாகுபடுத்துவதாகும் என்று அமெரிக்காவில் வழக்குகள் தொடுக்கப்பட்டன. ஸ்டார்பக்ஸ் நிறுவனம் 2024 நவம்பரில் அந்நாட்டிலும் கனடாவிலும் அக்கட்டணத்தைக் கைவிட்டது. இந்தியாவில் அடக்கவிலை வேறுபாடு பெரிது என்பதால் கட்டணத்தை அடியோடு தடை செய்யக் கோருவது மிகையாகும். எனினும் 2025 செப்டம்பர் 22 முதல் தாவரப் பால் பானங்கள்மீதான சரக்கு மற்றும் சேவை வரி 18 விழுக்காட்டிலிருந்தும், சோயாப் பால் பானங்கள்மீதானது 12 விழுக்காட்டிலிருந்தும் 5 விழுக்காடாகக் குறைக்கப்பட்டது. உணவகங்கள் உள்ளீட்டு வரியைத் திரும்பப் பெற முடியாத நிலையில், இந்தக் குறைப்பு நேரடியாக அவற்றின் செலவைக் குறைத்திருக்கும்; அந்தப் பலன் கோப்பையின் விலையில் தெரிகிறதா என்பதை நுகர்வோர் விவகாரத் துறை கேட்டுப் பார்க்க வேண்டும். இவ்வளவுக்கும், செரிமானத் தொல்லை உள்ள பெரும்பாலோருக்கு இறக்குமதி ஓட்ஸ் பால் தேவையே இல்லை. சிறிய அளவுக் கோப்பையும், உள்நாட்டிலேயே தயாராகும் லாக்டோஸ் நீக்கிய பாலும் போதும். பத்து வகைப் பாகுகளை அடுக்கி வைத்திருக்கும் கடைகள் அந்தப் பாலில் ஒரு பொட்டலத்தை இருப்பு வைப்பதற்கு எந்தச் சட்டத் திருத்தத்துக்காகவும் காத்திருக்க வேண்டியதில்லை.