வெல்லத்துக்கும் ஒரு முகவரி வேணும்

பொங்கல் நெருங்கினாலே நம்ம மாவட்டத்து வெல்ல ஆலைகளில் உணவுப் பாதுகாப்புத் துறை சோதனை, மூட்டை மூட்டையாக அஸ்கா பறிமுதல் என்று பேப்பரில் செய்தி வந்துவிடும். மோகனூரிலிருந்து ஜேடர்பாளையம் வரைக்கும் காவிரிக் கரைக்காரர்கள் எல்லாருக்கும் சேர்த்துத்தான் கெட்ட பேர். சோதனை வேண்டாம்னு நான் சொல்லலை. அது மட்டும் போதாதுங்க.

ஏன் கலக்குறாங்க? கருப்பஞ்சாற்றில் சுண்ணாம்புத் தெளிவு விட்டு, அழுக்கெடுத்துக் காய்ச்சினால் வெல்லம் பழுப்பாகத்தான் வரும். ஏவாரி கேக்கிறது பளபளன்னு மஞ்சள். அந்த நிறத்துக்காகத்தான் ஹைட்ரோஸ் போடறாங்க. அஸ்கா விலை வெல்லத்தைவிடக் குறைவா இருக்கிற நாளில் அதையும் பாகில் கொட்டறாங்க. தின்கிறவருக்குக் கேடு. கரும்பு வெச்சவனுக்கும் கேடுதான். 50 கிலோ அஸ்கா மூட்டை ஒண்ணு கொப்பரையில் விழுந்தால், ஏறக்குறைய அரை டன் கரும்புக்கு வேலையில்லாமல் போகுது.

பிலிக்கல்பாளையம் ஏலத்துக்குப் போறது 30 கிலோ சிப்பம். அதைப் பிரிச்சுக் கடையில் கொட்டினதும் யார் காய்ச்சினதுன்னு ஒருத்தருக்கும் தெரியாது. சுத்தமா காய்ச்சினவனும் கலந்தவனும் ஒரே குவியல்.

இன்னொண்ணு, வெல்லம் காத்துல இருக்கிற ஈரத்தை இழுக்கும். 2022 பொங்கல் தொகுப்பில் கொடுத்த வெல்லம் உருகி ஒழுகுதுன்னு பல ஊர்களில் புகார் வந்ததை மறந்திருக்க மாட்டீங்க. அடுத்த வருசத் தொகுப்பில் வெல்லமே இல்லை, சர்க்கரைதான். நட்டம் யாருக்கு?

அதனால ஆலையிலேயே நல்லா ஆறவெச்சு, ஈரம் புகாத கவரில் அரைக் கிலோ, ஒரு கிலோன்னு கட்டணும். ஆலைப் பேர், காய்ச்சின தேதி, 14 இலக்க உணவுப் பாதுகாப்பு எண் மூணும் அதில் இருக்கணும். 2011 விதிப்படி சிறு உற்பத்தியாளர் பதிவுக்கு வருசத்துக்கு 100 ரூபாய்தான் கட்டணம். மெசினுக்குத்தான் காசு. குறு உணவுத் தொழில்களுக்கு 2020-ல் மத்திய அரசு கொண்டுவந்த திட்டத்தில் 35 சதவீத மானியம் இருக்கு. பத்து ஆலைக்காரர் சேர்ந்து ஒரு பொதுக் கூடம் போட்டுக்கலாம்.

கவர் போட்டா கலப்படம் நின்னுடுமான்னு கேப்பீங்க. நிக்காது. ஆனா பேர் போட்டு விக்கிறவன் கலக்க யோசிப்பான். கூடவே ஏலக் களத்திலேயே சோதனை வசதி வெச்சு, நிறத்தைப் பாக்காமல் தரத்தைப் பாத்து விலை சொல்லணும்.

வாங்குற நீங்களும் ஒண்ணு செய்யலாம். அடுத்த தடவை கடையில் கருத்த வெல்லமா கேட்டு வாங்குங்க. நீங்க கேக்கிற நிறம்தான் எங்க ஊர்க் கொப்பரையில் வேகும்.