ஒரு செக்மேட் கண்டுபிடிச்சாச்சா? இன்னும் மூணு இருக்கு!

தாம்பரத்தில் செங்கல்பட்டு ரயில் ஏறுகிறீர்கள். மறைமலை நகரில் இறங்குவதற்குள் இந்தச் சின்ன புதிரை முடித்துவிடலாம். பலகையில் மூன்றே காய்கள். வெள்ளை ராஜா ஜி6, வெள்ளை ராணி டி7, கறுப்பு ராஜா ஜி8. ஆட வேண்டியது வெள்ளை.

கேள்வி, 'செக்மேட் எங்கே?' என்பதல்ல. 'மொத்தம் எத்தனை செக்மேட்?' என்பதுதான்.

செஸ் கற்கும் குழந்தைகளில் பலர், ராணியை ஜி7-க்குக் கொண்டுபோய் ராஜாவின் முகத்துக்கு நேராக நிறுத்திவிட்டு "முடிஞ்சது" என்பார்கள். சரியான விடைதான். ஆனால், கேட்ட கேள்விக்கு அது பாதி பதில்கூட இல்லை.

எண்ணுவதற்கு ஒரு வழி இருக்கிறது. முதலில், ராணி எங்கெல்லாம் போனால் செக் விழும் என்று பாருங்கள். எட்டாவது வரிசையில் சி8, டி8, இ8. ராஜாவுக்கு முன்னால் ஜி7. மூலைவிட்டத்தில் டி5, இ6, எஃப்7. இன்னொரு பக்கம் எச்7. ஆக, 8 செக்.

அடுத்து, ஒவ்வொன்றிலும் ராஜா தப்பிக்க வழி இருக்கிறதா என்று பாருங்கள். ஏழாவது வரிசையை வெள்ளை ராஜா அடைத்துவிட்டார். மிச்சம் எஃப்8, எச்8 மட்டும்தான். எஃப்7-ல் ராணி நின்றால் ராஜா எச்8-க்கு ஓடிவிடுவார். எச்7-ல் நின்றால் எஃப்8-க்கு ஓடுவார். டி5, இ6-ல் இரண்டு கதவுகளுமே திறந்திருக்கின்றன. சி8, டி8, இ8, ஜி7 ஆகிய நான்கில்தான் ராஜாவுக்குப் போக இடமில்லை.

விடை: 8 செக், அதில் 4 செக்மேட்.

முதல் ஆட்டத்திலேயே எட்டு!

இதே கணக்கை ஆட்டத்தின் தொடக்கத்திலிருந்தும் போடலாம். இரு தரப்பும் தலா இரண்டு முறை காய் நகர்த்தினால், மொத்தம் 1,97,281 விதமாக ஆடலாம். அதில் செக்மேட்டில் முடிபவை வெறும் 8.

அந்த எட்டையும் விரல்விட்டே எண்ணலாம். வெள்ளை, ஜி சிப்பாயை இரண்டு கட்டம் தள்ள வேண்டும். எஃப் சிப்பாயை ஒரு கட்டமோ, இரண்டு கட்டமோ தள்ளலாம். இதில் எது முதலில், எது அடுத்து என்பதும் சேர்ந்து 4 வழி. கறுப்பு தன் இ சிப்பாயை ஒரு கட்டமோ, இரண்டு கட்டமோ நகர்த்தலாம். நான்கை இரண்டால் பெருக்கினால் எட்டு. எல்லாவற்றிலும் கறுப்பு ராணி எச்4-க்கு வந்து கதையை முடித்துவிடும்.

அம்மா எழுதிவைத்த புதிர்கள்

புதிரால் வளர்ந்தவர்களில் நமக்கு நன்றாகத் தெரிந்தவர் விஸ்வநாதன் ஆனந்த். 1970-களின் இறுதியில், அப்பாவின் ரயில்வே வேலைக்காகக் குடும்பம் பிலிப்பைன்ஸின் மணிலாவில் இருந்தது. அங்கே டி.வி-யில் மதிய நேரத்தில் செஸ் நிகழ்ச்சி ஒன்று வரும். ஆனந்த் பள்ளியில் இருப்பார். அம்மா சுசீலா புதிரை எழுதிவைப்பார். மாலையில் இருவரும் சேர்ந்து விடை கண்டுபிடித்து அனுப்புவார்கள்.

பரிசு, ஒரு புத்தகம். ஆனந்த் ஜெயித்துக்கொண்டே இருந்தார். கடைசியில், 'வேண்டிய புத்தகங்களை எடுத்துக்கொள், இனி விடை மட்டும் அனுப்பாதே' என்றே சொல்லிவிட்டார்களாம்!

குகேஷ் நிறுத்திய கை

ஒரு விடை கிடைத்த பிறகும் ஏன் தேட வேண்டும்? 2024 டிசம்பர் 12, சிங்கப்பூர். உலக சாம்பியன்ஷிப்பின் 14-வது, கடைசி ஆட்டம். 55-வது நகர்த்தலில் டிங் லிரென் தன் யானையை எஃப்2-க்குக் கொண்டுவந்தார். அது தவறு என்பது சென்னைப் பையன் குகேஷுக்கு முதலில் தெரியவில்லை. யானையை பி3-க்கு நகர்த்தவே கிட்டத்தட்டத் தயாராகிவிட்டதாக அவரே பிறகு சொன்னார். ஆனால், இன்னொரு முறை பலகையைப் பார்த்தார். யானையை யானையால் வெட்டி, பிஷப்பையும் மாற்றிக்கொண்டால் சிப்பாய்களே ஜெயித்துக் கொடுத்துவிடும் என்பது தெரிந்தது. 18 வயதில் உலக சாம்பியன் ஆனார்.

அந்த இரண்டாவது பார்வை இல்லாவிட்டால், அன்றைய ஆட்டம் டிராவை நோக்கிப் போயிருக்கும்.

மாமல்லபுரத்தில் 2022-ல் செஸ் ஒலிம்பியாட் நடந்தபோது, செஸ் போர்டு வாங்கிய வீடுகள் ஏராளம். அந்த போர்டு பரணில் இருந்தால் இறக்குங்கள். மூன்றே காய்களை வையுங்கள். பிள்ளை ஒரு விடை சொன்னதும் "சபாஷ்" சொல்லுங்கள். கூடவே, "இன்னொண்ணு இருக்கா பாரு" என்றும் சொல்லுங்கள்.

ராணியை டி7-க்குப் பதிலாக டி6-ல் வைத்தால் எத்தனை செக்மேட்? அதை நீங்களே எண்ணிப் பாருங்கள்!